அனுசுயா அடுப்பு மூட்டாத இரண்டு நாள்

திருத்தணி மலையடிவாரத்தில், குளத்துக்குப் போகிற வழியில், என் பூக்கடையை ஒட்டினாற்போல் பக்தவச்சலத்தின் பாத்திரக்கடை. விற்கிற கடை இல்லை, வாடகைக்கு விடுகிற கடை. காவடி எடுத்து வருகிறவர்களும் மொட்டை போட வருகிறவர்களும் குண்டான், கரண்டி, இரும்பு அடுப்பு, ஒரு கட்டு விறகு என்று வாங்கிப்போய், ஏதாவது ஒரு மரத்தடியில் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு, கழுவியும் கழுவாமலும் திருப்பித் தருவார்கள். கழுவாததைக் கழுவுகிறவள் அவர் பெண்சாதி அனுசுயா. சமைக்க ஆளில்லை என்று சொல்கிற கூட்டத்துக்குச் சமைத்துப் போடுகிறவளும் அவள்தான். ஆடிக் கிருத்திகை முடிந்து வெகுநாள் வரைக்கும் அவள் தலைமுடியில் புகை வாசனை இருக்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தெலுங்கு பேசுகிற நகரி பக்கத்துப் பெண். அத்தை மகனையே கட்டியதால் புருஷனை இன்றைக்கும் 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. போன கோடையில்தான் முதல்முறையாக ஒன்று கேட்டாள். மகள் கனிமொழி பிளஸ் டூ பரீட்சை முடித்திருந்த நேரம்.

"பாவா, ரெண்டு நாளு மெட்ராஸ் போயிட்டு வரலாமா?"

"ஆங், போலாம். எல்லாத்தியும் நான் பாத்துக்கறேன்" என்றார் பக்தவச்சலம் உடனே.

அன்று சாயங்காலம் மாலை கட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கடலு, மாலு எல்லாம் கனிக்கு அக்கா. எனக்கு ரெண்டு நாளு அடுப்பு பத்த வெக்காம இருந்தா போதும். யாராச்சும் எல போட்டு சோறு போடணும், நான் உக்காந்துகினு துன்னணும்." சொல்லிவிட்டு, ஆகாத ஆசையைச் சொன்ன மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

லாட்ஜ் அறையை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்களோ அத்தனைக்கு மலிவு என்று என்னையும் கூப்பிட்டார் பக்தவச்சலம். அனுசுயாவுக்காகச் சரி என்றேன்.

கிளம்புகிற நாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போனால், அனுசுயா முகம் இருண்டு நிற்கிறாள். காலடியில் இரும்பு அடுப்பு, குண்டான், அரிசிப் பை, சாக்கில் சுற்றிய விறகுக் கட்டு. கையில் புளிச்சோற்றுத் தூக்கு வேறு. விடியுமுன் எழுந்து கிளறியிருக்கிறாள்.

"இதெல்லாம் இன்னாத்துக்கு?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா இப்டி கேட்டுட்ட? நம்மூருக்கு எங்கெங்க இருந்தோ வராங்க. ஒருத்தனாச்சும் ஓட்டல்ல துன்றானா? மரத்தடில பொங்கித் துன்னுட்டு, சாமியப் பாத்துட்டுப் போய்கினே இருக்கான். மெட்ராஸ்ல மரமே இல்லியா?" என்றார் பக்தவச்சலம்.

இல்லாத குடும்பம் என்றால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். பக்தவச்சலத்துக்குச் சொந்தத்தில் மாடிவீடு இருக்கிறது. பொதட்டூர்பேட்டை ரோட்டில் மனை இருக்கிறது. அதனால்தான் அந்த அடுப்பைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ரயிலில் எதிர் சீட்டில் இருந்தவர் விறகையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார், வீட்ல ஏதாச்சும் காரியமா?" என்று மெதுவாகத் துக்கம் விசாரித்தார்.

"காரியம்லாம் இல்லீங்க. டூர் போறோம்" என்றார் பக்தவச்சலம், பெருமையாக. கனிமொழி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அரக்கோணம் தாண்டியும் எடுக்கவில்லை.

லாட்ஜில் பையை மட்டும் போட்டுவிட்டு, அடுப்பும் கையுமாக ஒரு பூங்காவுக்குப் போனோம். உள்ளே நுழைகிறபோதே காவலாளி விறகைப் பார்த்துவிட்டு வெளியே தள்ளினார். அங்கிருந்து கடற்கரை. கனிமொழி கால் நனைக்க ஓடினாள். அனுசுயாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையின் பக்கம் போனாள்.

"ஏய், அனுசுயா! எங்க போற? உல வெக்கறத வுட்டுட்டு!"

திரும்பி வந்தாள். படகு நிழலில் அடுப்பை வைத்து, காற்றுக்குத் தன் உடம்பையே தடுப்பாக வைத்துக் குனிந்து ஊதினாள். புகை அத்தனையும் அவள் கண்ணில். அங்கேயே எங்கோ கருவாடு காய்கிற வாடை, பக்கத்தில் நாய் கழித்து வைத்தது. அரிசி பாதி வேகிற நேரத்துக்கு ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"யோவ், இன்னா பண்ணிகினு இருக்க?"

"சமையல் சார். நாங்க திருத்தணி" என்றார் பக்தவச்சலம். ஊர்ப் பேரே அனுமதிச் சீட்டு என்கிற மாதிரி.

"அதுக்கு? பீச்சுக்குப் பொங்க வெக்க வந்தியா? மொதல்ல அணைய்யா."

மணல் விழுந்த அரைவேக்காட்டுச் சோற்றைத்தான் அன்று மத்தியானம் தின்றோம். தின்றோம் என்று சொல்லக் கூடாது. கடித்தோம். கனிமொழி ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாள்.

"நைனா, அதோ அங்க மீல்ஸ் போட்ருக்கான். எல்லாரும் போறாங்க பாரு."

"எவன் கையால ஆக்கினானோ? எந்த எண்ணையோ? உங்கம்மா கைப்பக்குவம் வருமா?"

நான் வாங்கித் தருகிறேன் என்று எழுந்தேன். அனுசுயா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "வேணாம் அக்கா. அரிசி வீணாப் போச்சுன்னு வருஷம் பூரா என்னியத்தான் சொல்லுவாரு." ராத்திரிக்கு மிச்சமிருந்த புளிச்சோறு. அது நூல் விட ஆரம்பித்திருந்தது.

மறுநாள் காலையில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. வெளியில் சமைக்க முடியாது என்று தெரிந்ததும், அறைக் கதவைத் தாழ்போட்டுவிட்டுக் குளியலறையில் அடுப்பை வைக்கச் சொன்னார் பக்தவச்சலம். எப்படிப்பட்ட குளியலறை? தண்ணீர் போகிற ஓட்டையில் யார் யார் தலைமுடியோ பந்தாகச் சுருண்டு கிடக்கிறது. மூலையில் பழைய சோப்பு கரைந்து சளி மாதிரி ஒட்டியிருக்கிறது. வாளிக்குள் பாசி. அடுப்புக்கும் கக்கூசுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அன்னம் என்றால் தெய்வம் என்று தொட்டுக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். அந்த வாளித் தண்ணீரில், அந்தத் தரையில், அனுசுயா அரிசி களைந்தாள். நான்தான் முருகா முருகா என்று வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

பச்சை விறகு. புகை கதவிடுக்கு வழியாக வந்து மாடி முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து அறைக்காரர்கள் இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். மேனேஜர் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"இன்னாங்க இது, ரூமா, கல்யாண மண்டபமா? இப்பவே காலி பண்ணுங்க."

"ரெண்டு நாளுக்குச் சேத்துக் குடுத்திருக்கேன்!"

"சுவரு கரியானதுக்கு யாரு குடுப்பா? போய்யா."

தெருவில் நின்றோம். வேகாத சோற்றோடு குண்டான் அனுசுயா இடுப்பில் இருந்தது. அந்த மானக்கேட்டிலும் பக்தவச்சலம் சொன்னார்: "அத்தக் கொட்டிடாத. வீட்டுக்குப் போயி ஒரு கொதி வுட்டா ஆயிடும்." ஒரு மனுஷனைப் பார்த்து எனக்கு அந்த மாதிரி அருவருப்பு வந்ததே இல்லை. முருகன் என்னை மன்னிக்க வேண்டும்.

அனுசுயா இடுப்பிலிருந்து குண்டானை இறக்கினாள். அதை அவர் கையில் கொடுத்தாள். ஊர் வந்து சேரும்வரை அவர்தான் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

இறங்கின கையோடு அடிவாரம் முழுக்கச் சொல்லிவிட்டார்: "மெட்ராஸ் போயிட்டு வந்தோம்பா. ஓட்டல் வாசல்ல காலே வெக்கல!" கேட்டவர்களும் கெட்டிக்காரர் என்று மெச்சினார்கள். நான் கடையைத் திறக்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை கனிமொழி கண்ணை அகல விரித்துக்கொண்டு வந்தாள். "பெரிம்மா, அம்மா இன்னும் அடுப்பே பத்த வெக்கல." பின்னாலேயே அனுசுயா. தலைக்குக் குளித்து, கட்டாமல் மடித்து வைத்திருந்த புடவையைக் கட்டியிருந்தாள். என்னிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"மலைக்குப் போறேன் அக்கா. என் ரெண்டு நாளு இன்னும் அப்டியே இருக்குது."

நானும் கனிமொழியும் கூடப் போனோம். படியேறி, சாமியைப் பார்த்துவிட்டு, அன்னதானக் கூடத்தில் வரிசையில் உட்கார்ந்தோம். இலை விழுந்தது. சோறு விழுந்தது. யாரோ ஆக்கி, யாரோ குனிந்து போட்டது. அனுசுயா அதை உடனே தொடவில்லை. ஆவி பறக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சாப்பிட்டாள். பந்தி எழுந்த பிறகும் சாப்பிட்டாள். அன்று முழுக்கக் கீழே பக்தவச்சலம் கடையில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஓட்டலுக்குப் போனால் கெட்டிக்காரப் பட்டம் போய்விடுமே.

இரண்டாம் நாளும் போனோம். நாங்கள் இலைமுன் உட்கார்ந்திருக்கையில், கூடத்து வாசலில் அடுக்குக் கேரியரோடு அவர் வந்து நின்றார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ பரிமாறுகிறவரிடம் போய்க் கேரியரை நீட்டினார்.

"இதுல கொஞ்சம் போட்டுக் குடுப்பா. ராத்திரிக்கும் ஆவும்."

"எடுத்துனு போவக் கூடாதுங்க. உக்காந்து சாப்பிடுங்க."

அனுசுயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேகவேகமாக நாலு கவளம் உள்ளே போனதும் முகம் தெளிந்தது.

"உப்பு கம்மி. நீ வெச்சா இப்டி இருக்காது" என்றார், ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அனுசுயா, இது நல்லாத்தான் கீது. தெனமும் இங்கியே வந்துட்டா கேஸு கூட மிச்சம்."

என் வாயிலிருந்த சோறு கசந்தது. பிரசாதமாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

அனுசுயா அவர் பக்கம் திரும்பவில்லை. சோற்றில் விரலால் ஒரு குழி பறித்துவிட்டு, கையைத் தூக்கினாள்.

"அண்ணா, இங்க இன்னும் கொஞ்சம் ரசம்."