தவணை முடிந்த கல்

அப்போது நான் வேலைக்குப் போகும் வழி விபோர்க் நகரின் பழைய தேவாலயமொன்றின் கல்லறைத் தோட்டத்தினூடாகச் சென்றது. அங்கே வேலை பார்த்தவர் மன்னார்க்காரர்; நரைத்த மீசை, பெரிய ரப்பர் சப்பாத்து. சரளைப் பாதையில் யார் காலடி பதிந்தாலும் உடனே பல்லுள்ள வாரியால் இழுத்து அழித்துவிடுவார்.

இந்த டெனிஸ் நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு. உறவுகள் பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் கல்லைப் பிடுங்கி மதிலோரம் சாத்திவிடுவார்கள்.

வன்னியில் சண்டை முடிந்ததென்று செய்தி வந்த கிழமை, தவணை முடிந்து பிடுங்கவேண்டிய ஒரு டெனிஸ்காரரின் கல்லின் முன் அவர் குந்தியிருந்தார்.

“தம்பி, நீர் டெனிஸ் வடிவாக் கதைப்பீர். இந்த இடத்தை எனக்குத் தருவினமோ எண்டு ஒபிசில கேளும்.”

“ஆருக்கு அண்ணை?”

“தங்கச்சிக்கு. முள்ளிவாய்க்கால்ல நிண்டவள். ஒரு மாதமாப் போன் இல்லை. தேடிப் போகவும் ஏலாது, அழவும் ஏலாது. விசர் பிடிக்குது.”

“கேக்கிறன். கல்லில என்ன பேர் எண்டு கேப்பினம். பேரைச் சொல்லுங்கோ.”

வாயைத் திறந்தார். பேர் வரவில்லை.

“வேண்டாம், விடும். நாளைக்குப் போன் வந்தாலும் வரும்.”

எழுந்து, தன் காலடிகளையே வாரியால் இழுத்தபடி போனார்.

பல வருடம் கழித்து மறுபடி அங்கே போனேன். அவர் அங்கே இல்லை. அந்த டெனிஸ்காரரின் கல் மட்டும் இடம் மாறாமல் நின்றது. ஒபிசில் கேட்டேன்; உறவல்லாத யாரோ தவணையைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.