வேப்பிலை கட்டிய ஃப்ளூ காய்ச்சல்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் ஃப்ளூ காய்ச்சல் கடம்பத்தூருக்கு ரயிலேறித்தான் வந்தது. சென்னைக்கு வேலைக்குப் போய்வந்த என் கணவர், ஒரு திங்கட்கிழமை அதோடு வீட்டுக்குள் நுழைந்தார். எங்கள் மகள் பிறந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அவருக்கு முன்னறையில் பாய் போட்டேன். தட்டு, தம்ளர் எல்லாம் தனி. குழந்தை பின்னறையில். ஆனால் விசாரிக்க வருகிறவர்களை என்ன செய்வது? எங்கள் தெருவில் யாராவது படுத்துவிட்டால் ரொட்டியும் சாத்துக்குடியுமாகப் போய்ப் பார்ப்பதுதான் மரியாதை. வந்தவர்கள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். அதே கையோடு உள்ளே வந்து, “கொயந்தைய இப்டி குடு” என்றார்கள். தர மாட்டேன் என்றேன். படிச்ச திமிர் என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் எரிச்சல் தாங்காமல் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினேன். அம்மை கண்ட வீடு என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒருவரும் படியேறவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு மூச்சு வாங்கியது, உதடு கறுத்தது. கம்பவுண்டரைக் கூப்பிடச் சொல்லிப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கெஞ்சினேன்.

“ஆத்தா வந்த ஊட்ல ஊசியா? அவ கோச்சிக்குவா” என்றாள் அவள். தெருமுனை ஜட்கா வண்டிக்காரரும் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார்.

“அம்மை இல்ல. நான் பொய் சொன்னேன்.”

“ஆத்தாவையா பொய்யின்ற? கன்னத்துல போட்டுக்கோ” என்றாள் பக்கத்து வீட்டு அம்மா.

போட்டுக்கொண்டேன். பிறகு ஜட்காக்காரரை உள்ளே இழுத்துவந்து, கணவரின் பனியனைத் தூக்கி மார்பையும் முதுகையும் காட்டினேன். ஒரு முத்துகூட இல்லை.

“இன்னாம்மா, இப்டி பேஜாரு பண்ணிட்ட” என்று சொல்லிக்கொண்டே ஜட்காக்காரர் அவரைத் தூக்கி வண்டியில் கிடத்தினார். யாருக்கும் தராத குழந்தையைப் பக்கத்து வீட்டு அம்மாவின் மடியில் போட்டுவிட்டு நானும் ஏறினேன்.

நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பன்னிரண்டு நாள் கழித்து எழுந்தார். குழந்தைக்கு ஒருநாள்கூட காய்ச்சல் வரவில்லை.

வீடு திரும்பிய அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா வேணான்னா சொல்லியிருப்பீங்க?”

“மாட்டேன். அதான், கேட்டிருக்கலாம்ன்றேன்.”