கோஸ்தான் சொன்னது யார்

அவர் எங்கள் படகுப் பட்டறைக்குள் நுழைந்த அன்றே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வழுக்கை, தொப்பை, கையில் தங்கச் சங்கிலி எல்லாம் புதிது. ஆனால் பேச ஆரம்பிக்கும் முன் நாக்கைக் கன்னத்துக்குள் ஒரு சுற்று சுற்றும் பழக்கம் அப்படியே இருந்தது. மரியாதைக்குத்தான் அவர் என்று எழுதுகிறேன். மனதுக்குள் நான் அப்படிச் சொல்வதில்லை.

டுரியான் துங்கால் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் அவர் கணக்கெழுதும் கிராணி. என் அப்பா அங்கே ரப்பர் பால் லோரி ஓட்டியவர். பிறகு தோட்டத்தை வீடு கட்ட விற்றார்கள். கிராணி மண்ணைச் சமப்படுத்தும் குத்தகை எடுத்துப் பெரிய ஆளானார். நாங்கள் செங் பக்கம் ஒரு மலிவு வீட்டுக்குப் போனோம். நான் கொஞ்ச காலம் பேக்டரியில் இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் மஸ்ஜித் தானாவைத் தாண்டி ஆற்று முகத்தில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? விடியற்காலைப் பெரட்டில் ஆட்களின் பெயரைக் கூப்பிடும்போதுகூட அவர் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை.

ஒற்றை இன்ஜின் வைத்த பழைய பைபர் படகு ஒன்றை வாங்கியிருந்தார். ஆற்று ஓட்டம் படகின் மூக்கை ஒரு பக்கம் இழுக்க, இவர் ஸ்டேரிங்கை மறுபக்கம் திருப்ப, ஒரே மாதத்தில் படகு கட்டும் ஜெட்டியை மூன்று தடவை இடித்துவிட்டார்.

"முன்னாலயும் பின்னாலயும் பக்கவாட்டுல தள்ளி விடற மோட்டார் இருக்காம்லா. அத போட்டுக் குடு. இருக்கறதுலயே பெருசா பாத்துப் போடு," என்றார். தவுக்கே என்னைக் கைகாட்டினார்.

தோட்டத்தில் அன்று நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். வண்டியைப் பின்னால் எடுப்பதை எங்கள் ஊரில் கோஸ்தான் என்போம். பின்னால் ஒருவர் நின்று "கோஸ்தான், கோஸ்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஓட்டுகிறவர் கண்ணாடியைப் பார்க்கமாட்டார். அந்தக் குரலைத்தான் கேட்பார். குரல் நிறுத்தச் சொல்லும்வரை வரலாம். சொல்கிறவர்தான் பொறுப்பு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

பால் நிறுக்கும் கொட்டகைக்கு அப்பா லோரியைப் பின்னால் எடுத்த அந்த நாளில் கோஸ்தான் சொன்னவர் கிராணி. யாரிடமோ பேசிக்கொண்டே சொன்னார். பின்சக்கரம் கால்வாயில் இறங்கியது, டாங்கி சாய்ந்தது, அன்றைய பால் முழுவதும் கால்வாயில் ஓடியது. யாருக்கும் அடி இல்லை. மானேஜர் வந்து கேட்டபோது கிராணி நாக்கை ஒரு சுற்று சுற்றிவிட்டு இங்கிலீஷில் என்னவோ சொன்னார். பிறகு அதையே அப்பாவின் முகத்துக்கு நேராகத் தமிழிலும் சொன்னார். "நா ஒன்னும் சொல்லலயே."

அம்மா பால் வாளியோடு அங்கேதான் நின்றார். கோஸ்தான் என்ற குரலைக் காதால் கேட்டவர். ஆனால் மரம் சீவுகிற பெண்பிள்ளையை யார் விசாரிக்கப்போகிறார்கள்? அப்பாவிடம் லோரிச் சாவியை வாங்கிக்கொண்டு மருந்தடிக்கும் கும்பலில் போட்டார்கள். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு பல வருடம் புல்லுக்கு மருந்தடித்தார். விரல் நகங்கள் கறுத்து ஒவ்வொன்றாக உரிந்தன. பேச்சு எடுத்தால், "வுடு," என்பார். நான் விடவில்லை. அவர் விட்டதையும் சேர்த்து நான் வைத்துக்கொண்டேன்.

படகை அளந்து பார்த்தேன். மூக்குப் பக்கம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு குழாய் பதித்து, அதற்குள் விசிறி சுற்றவேண்டும். குழாய் நன்றாகத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் காற்றை உறிஞ்சிச் சத்தம்தான் போடும், தள்ளாது. அவர் கேட்ட பெரிய குழாய்க்கு அந்தப் படகில் ஆழம் இல்லை. சின்னது போட்டாலும் எவ்வளவு முன்னால் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. கதவைக் கீல் பக்கம் தள்ளினால் கனக்கும், ஓரத்தில் தள்ளினால் லேசாகத் திறக்கும், அதே கதைதான். இதை அவருக்கு விளக்கினேன்.

"நீ வயர் புடிக்கிற ஆளு, ஒனக்கு என்னா தெரியும்? எந்தத் தோட்டம் நீ?" என்றார்.

"செங் சார். பேக்டரில இருந்தேன்," என்றேன். பொய் இல்லை.

கடைசியில் தவுக்கே என் அளவைத்தான் எடுத்தார். முன்னால் நடுத்தரமானது ஒன்று, பின்பலகையில் வெளியே மாட்டுகிற சின்னது ஒன்று. நீள வயரில் சக்தி வீணாகும் என்பதால் மூக்குப் பக்கமே தனி பேட்டரி.

படகைக் கரையேற்றி, இரண்டு பக்கமும் துளையிட்டு, கம்பி நுழைத்து வட்டம் குறித்து, ரம்பத்தை வைத்தேன். அந்த ஆளின் படகில் ஓட்டை போடுவது எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பைபர் தூசு கழுத்தெல்லாம் அரித்தது, அதுகூடப் பிடித்திருந்தது. குழாயைப் பதித்து உள்ளேயும் வெளியேயும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவிட்டேன்.

பிறகு வயரிங். சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய வயர் இரண்டு, ஒன்று இடது, ஒன்று வலது. மாற்றி மாட்டினால் இடது அழுத்த மூக்கு வலது போகும். இரண்டு நிமிட வேலை. ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சரியாகவே மாட்டினேன். பாவம் பார்த்து இல்லை. மாற்றி மாட்டினால் தப்பு என் வேலையில் வரும். தவுக்கே என்னைத் திட்டுவார். கிராணி மறுபடியும் சரி, எங்கள் குடும்பம் மறுபடியும் தப்பு. அது வேண்டாம். தப்பு அவர் கையிலேயே இருக்கவேண்டும்.

ஞாயிறு காலை படகைத் தண்ணீரில் இறக்கினோம். சிநேகிதர்களைக் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நடு ஆற்றில் படகை நிறுத்தி மூக்கை இடப்பக்கம் தள்ளினார், வலப்பக்கம் தள்ளினார். சொன்ன பேச்சைக் கேட்டது படகு. கை தட்டினார்கள்.

"சைஸ்லாம் நாந்தான் பாத்து எடுத்தேன்," என்றார் அவர்களிடம். ஜெட்டியில் நின்ற என் காதிலேயே விழுந்தது.

அடுத்து, பின்பக்கமாக வந்து ஜெட்டியில் நிறுத்திக் காட்டவேண்டும். அவர் முன்னால் ஸ்டேரிங்கில் உட்கார்ந்திருந்தார், கேபின் நிறைய ஆட்கள், பின்னால் எதுவும் தெரியாது. தலையை வெளியே நீட்டினார். "டேய், பின்னால பாத்து சொல்லுலா."

பட்டறைக்கு வந்த பிறகுதான் ஒன்று தெரிந்துகொண்டேன். கோஸ்தான் லோரிக்காரர்கள் கண்டுபிடித்த சொல் இல்லை. கப்பலைப் பின்னால் செலுத்த மாலுமிகளுக்குக் கொடுக்கும் 'கோ ஆஸ்டர்ன்' என்ற கட்டளைதான் தேய்ந்து தோட்டத்துக்கு வந்திருக்கிறது. அன்று அதைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்தேன்.

படகின் பின்பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. மறுபடியும் பார்த்தேன். பிறகு, "கோஸ்தான்," என்றேன்.

"லோரியாடா இது?" என்று சிரித்தார். ஆனால் வந்தார். பழகிய காது, குரலை நம்பியது. ஜெட்டியின் இடது பக்கம் டயர் கட்டிய கட்டை இருந்தது, வலது பக்கம் வெறும் சிமெண்டு மூலை. "கோஸ்தான், கோஸ்தான்." எங்கே நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் கடந்துபோனதையும் பார்த்தேன். "கோஸ்தான்."

பின்பலகை சிமெண்டில் மோதிப் பிளந்தது. பின்மோட்டார் கோணலாகத் தொங்கியது.

அவர் முகமெல்லாம் சிவக்க வெளியே வந்தார். தவுக்கேயும் ஓடிவந்தார். "நீதானடா கோஸ்தான் கோஸ்தான்னு சொன்ன?"

இந்த இடத்தில் வார்த்தை வராமல் போய்விடுமோ என்று பல வருடம் பயந்திருக்கிறேன். வந்தது. முதலில் நாக்கைக் கன்னத்துக்குள் ஒரு சுற்று சுற்றினேன்.

"நா ஒன்னும் சொல்லலயே."

கேபினில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். இன்ஜின் சத்தத்தில் தங்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்றார்கள். தவுக்கே, ஜெட்டியை இடிப்பது இவருக்கு இது நாலாவது தடவை என்று மலாயில் சொல்லிவிட்டு உடைந்த இடத்தைப் பார்க்கக் குனிந்தார். கிராணி என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக என் முகத்தை ஒழுங்காகப் பார்த்தார்.

"நீ அந்தப் பால் லோரி..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கவில்லை. அந்தப் பின்பலகையைப் பிறகு நான்தான் ஒட்டினேன், ஒழுங்காகவே ஒட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். வுடு என்று சொல்வார் என்று நினைத்தேன். "பின்னால யாரும் நிக்கலல்ல?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மறுபடி சொல்லு. அவன் என்னா கேட்டான்?" என்றார்.

சொன்னேன். இன்னொரு தடவை கேட்டார். அம்மாவும் சமையற்கட்டிலிருந்து வந்து நின்றுகொண்டார். மூன்றாவது தடவை நான் அந்த இடத்துக்கு வரும் முன்பே அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நாக்கைக் கன்னத்துக்குள் மெதுவாக ஒரு சுற்று சுற்றினார்.

"நா ஒன்னும் சொல்லலயே," என்றார்.