புது வெர்ஷனில் இல்லாத திட்டு

ரஃபீக் அண்ணா! நீ உருவாக்கிய சின்ன கம்ப்யூட்டர் மொழியை வைத்துத்தான், பத்தாவது தாண்டாத நான் இங்கே அமெரிக்காவில் எடிசன் ஊர் மளிகைக் கடையில் விலைச்சீட்டு அடித்தேன். தப்பாக எழுதினால் திரையில் வரும்: "லூசு, பிராக்கெட்ட மூடுடி!"

எனக்காகவே அதை வைத்தாய். ஃப்ரீவே சாலை விபத்தில் நீ போன பிறகு, அந்தத் திட்டுக்காகவே வேண்டுமென்று தப்பு செய்வேன்.

போன வாரம், உன் மொழியை இப்போது பார்த்துக்கொள்ளும் உன் நண்பர் அதன் புது வெர்ஷன் அனுப்பினார். போட்டேன். தப்பு செய்தேன். ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. பதறிப்போய் அவருக்கு போன் செய்தேன்.

"தமிழ் மெசேஜ் எங்கண்ணா?"

"அத ஃபிக்ஸ் பண்ணி எடுத்துட்டோம்மா. யாரும் யூஸ் பண்ணல."

"நான் பண்றேனே!"

"உன் ஒருத்திக்காகவா? புது ஃபீச்சர்ஸ் பாரு, சூப்பரா இருக்கு."

"பழசு வேணும்ணா."

"அது மேலதான போட்டுட்ட? போச்சு."

இப்போதெல்லாம் நான் தப்பே செய்வதில்லை. இதைப் படிக்கும் எல்லோரும் என் அண்ணனுக்காக துஆ செய்யுங்கள்.