தோற்ற கையால் கையெழுத்துக் கிடையாது

கையெழுத்து அட்டை சேர்ப்பது சம்பளமும் இல்லாத, ஞாயிற்றுக்கிழமை லீவும் இல்லாத தொழில். ஞாயிற்றுக்கிழமைதான் அதில் வேலையே. தபால் முத்திரை சேர்க்கிறவர்களே, நாணயம் சேர்க்கிறவர்களே, பேசி முடிந்த டெலிபோன் அட்டை சேர்க்கிறவர்களே, நீங்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர். ஆல்பத்தில் ஒரே ஒரு பை வெறுமையாக இருந்தால் சாப்பாடு தொண்டையில் இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியாது.

நான் சேர்த்தது பேஸ்பால் அட்டை. அமெரிக்காவில் இல்லை, வுப்பர்டாலில். ஜெர்மனியில் ஏது பேஸ்பால் என்று கேட்கப் போகிறீர்கள். தொண்ணூறுகளில் அதுவும் இருந்தது. எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால், காற்பந்துக்காரர் வேண்டாமென்று விட்ட ஒரு புல்வெளி. அதில் கடைசிக்குக் கிட்டவான பிரிவில் விளையாடுகிற ஓர் அணி. வெல்லாவிட்டாலும் ஒன்றை மட்டும் அமெரிக்கர்போலவே செய்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் படம் போட்டு வழவழப்பான அட்டை அச்சடித்திருந்தார்கள். அட்டையை வாசலில் சும்மா கொடுப்பார்கள். கையெழுத்தைத்தான் நாங்கள் அலைந்து வாங்க வேண்டும்.

பின்பக்கத்துப் படம்

அமெரிக்க அட்டையின் பின்பக்கத்தில் அந்த வீரர் எத்தனை தரம் அடித்தார், எத்தனை தரம் ஓடினார் என்ற கணக்கு இருக்குமாம். எங்கள் ஆட்கள் அடித்ததும் குறைவு, ஓடியதும் குறைவு. அதனால் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அச்சுச் செலவை ஏற்ற இறைச்சிக்கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டார். முன்பக்கத்தில் மட்டையோடு வீரர் சிரிப்பார். பின்பக்கத்தில் சொசேஜ் தட்டை ஏந்திக்கொண்டு ஒரு பன்றி சிரிக்கும். இதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

வழவழப்பான அட்டையில் சாதாரணப் பேனா எழுதாது. தடித்த மைப்பேனாவால் எழுதினால் மை காய நேரம் எடுக்கும். ஆகவே ஆள் கை படாத, தூசி படாத ஒரு இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படியான இடம் ஒன்றுதான்: சாமிப்படத் தட்டு. அட்டைகளை முகம் மேலே பார்க்க அங்கே காயவிட்டேன். வெள்ளிக்கிழமை அம்மா விளக்கு வைக்கப்போன நேரம் யன்னல் காற்று ஒரு வீச்சு வீச, அத்தனை அட்டையும் குப்புற விழுந்தன. பிள்ளையாருக்கு முன்னால் வரிசையாகப் பன்றிகள். நான் அறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா கத்தவில்லை. விளக்கைக் கொளுத்தி, கும்பிட்டு முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"தம்பி, விளையாடுற பொடியள் வேணுமெண்டால் உள்ளுக்கை இருக்கட்டும், பின்னாலை நிக்கிற பண்டியை இண்டைக்கே வெளியிலை கொண்டுபோ."

தபால்காரர் போட்ட கையெழுத்து

எனக்குச் சின்னக் குரல். மற்றப் பிள்ளைகள் வேலிக்கு மேலால் கத்தி வீரரைக் கூப்பிடுவார்கள். நான் கூப்பிட்டால் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். மைதானத்து மூலையில் ஒரு தண்ணீர்க்குழாய் இருந்தது. விளையாட்டு முடிந்தால் சேறு கழுவ எல்லோரும் அங்கேதான் வரவேண்டும். அட்டையையும் பேனாவையும், கை துடைக்க ஒரு துவாயையும் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பேன். துவாயை வாங்கினவர் கையெழுத்தை மறுக்க மாட்டார்.

முதலில் அகப்பட்டவர் மூன்றாம் தளத்தில், அதாவது ஓடுகிறவர் தொடவேண்டிய மூன்றாவது இடத்தில், காவல் நிற்கிறவர். வாரநாட்களில் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருவதும் அவரே. அவரிடம் அதுவரை ஒருவரும் கையெழுத்துக் கேட்டதில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் குழாய்க் கட்டின் மேல் வைத்து, குனிந்து, முதலில் 'வுப்பர்டால்' என்று ஊர்ப்பெயர் எழுதினார். அடுத்துத் தேதி. அதற்குப் பிறகுதான் முழுப்பெயரோடு கையெழுத்து. தன்னுடைய முகத்தின் மேலேயே எல்லாம் எழுதி முடித்ததால் படத்தில் தொப்பி மட்டும் மிஞ்சியது. பேனாவை மூடித் தந்துவிட்டு, பழக்கதோஷத்தில் என் கையைப் பார்த்தார்.

"பத்து வருடமாக நான்தான் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குகிறேன். சரி, இப்போது எனக்குரிய பார்சல் எங்கே?"

ஹொல்கரின் சட்டம்

கோடை பாதி கடக்க முன்னமே எல்லோரும் ஆல்பத்துக்குள் வந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் ஹொல்கர், அணியின் பந்தெறிகிறவர். நடுப் பக்கத்தில் நடுப் பை அவருடையது. அது வெறுமையாக இருந்தது பல் விழுந்த வாய்போல எனக்குத் தெரிந்தது.

ஹொல்கர் நல்ல மனிதர். துவாயை வாங்குவார், முகம் துடைப்பார், நன்றி சொல்வார், பேனாவை மட்டும் தொடமாட்டார். வென்ற நாளில்தான் கையெழுத்துப் போடுவதென்று அவருக்கு ஒரு சட்டம். இதில் சிக்கல் என்னவென்றால் அந்த வருடம் அதுவரை அணி வெல்லவே இல்லை. மழை பெய்து ஆட்டம் நின்ற நாளில் "தோற்கவில்லைத்தானே" என்று கேட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. இலையுதிர் காலத்தில் படிப்புக்காக டிரெஸ்டனுக்குப் போகப்போகிறார் என்று வேறு சொன்னார். அதாவது கோடைக்குள் ஒரு வெற்றி வராவிட்டால் என் பை வெறும் பையேதான். நான் ஏதாவது வாயைத் திறந்து கெஞ்சுவேன் என்று நினைத்தாரோ தெரியாது, துவாயை மடித்து என் தோளில் போட்டார்.

"பார், இது தோற்ற கை. தோற்ற கையால் போட்டால் அது கையெழுத்து இல்லை, கறை."

ஷ்மிட் ஐயாவின் உதவி

ஒரு தொழிலில் எதிரி இல்லாமல் இருக்காது. என் எதிரி ஷ்மிட் ஐயா. ஓய்வு பெற்றவர். பியர்க் கோப்பைக்குக் கீழே வைக்கிற அட்டை தொடங்கி எதையும் சேர்ப்பார். மைதானத்துக்கு மடக்குக் கதிரையோடு வருவார். என் அம்மா கட்டித் தருகிற மட்டன் ரோல்ஸின் மணம் அடித்தால் கதிரை எனக்குப் பக்கத்தில் நகரும்.

ஒருநாள் இரண்டு ரோல்ஸ் முடித்துவிட்டு, ஹொல்கரின் பழைய கையெழுத்து ஒன்று தன்னிடம் இருப்பதுபோல் ஜாடை காட்டினார். நாங்கள் நேரில் வாங்காத கையெழுத்தை ஆல்பத்தில் வைக்கலாமா? கூடாது. ஆனாலும் அந்த வெறும் பை! அடுத்த ஞாயிறு அம்மாவிடம் கெஞ்சி ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் பொரிப்பித்துக்கொண்டு போனேன். ஷ்மிட் ஐயா ஆறுதலாகச் சாப்பிட்டார். கைக்குட்டையால் மீசை துடைத்தார். பிறகு என் மைப்பேனாவை வாங்கி மூடியைத் திறந்தார்.

"உண்மையில் அவன் எனக்கும் போடவில்லை, ஆனால் இப்படி ரோல்ஸ் கிடைக்கும் என்றால் அவனைவிட அழகாக நான் எழுதித் தருவேன்."

ஸ்டம்ப் இல்லாத விளையாட்டு

எங்களுக்கு மேல்மாடியில் இருப்பவர் செல்வம் அண்ணை. வாரம் முழுக்கத் திருகாணித் தொழிற்சாலையில் நின்று வேலை. அகதி வழக்கு இன்னும் முடியாததால் இடைக்கிடை லோயரிடமும் போய்வருவார். ஊரில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் ஸ்லிப்பில் நின்று பந்து பிடித்தவர். எங்கள் ஆட்கள் கூடுகிற பிறந்தநாள் வீடுகளில், அவர் பிடித்த பிடிகளை அவரே வர்ணிக்கக் கேட்கலாம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பந்து இன்னும் கொஞ்சம் வேகமாக வரும்.

கடைசி ஆட்டத்துக்கு நான் தனியாகப் போகப் பயந்தேன். தோற்றால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். கூப்பிட்டதும் அண்ணை தேத்தண்ணிப் போத்தலோடு வந்தார். வந்ததிலிருந்து ஒரே குறை. பந்தைக் குத்தவிடாமல் எறிகிறார்கள், இது என்ன பந்துவீச்சு? ஸ்டம்பைக் காணோம், எதைப் பார்த்து எறிகிறார்கள்? பந்து பிடிக்கிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தோல் கையுறை. அதைக் கண்டபோது அண்ணையின் முகம் போன போக்கை நான் சொல்லி முடியாது. கையுறை இல்லாவிட்டால் விரல் முறியும் அண்ணை என்றேன். தன் வலது கைச் சுண்டுவிரலை எடுத்துக் காட்டினார், அது ஏற்கனவே ஒரு பக்கம் திரும்பித்தான் நின்றது.

"விரல் முறிஞ்சால் கட்டலாம் தம்பி, பந்தை விட்டால் ஊருக்குள்ளை தலை காட்டேலாது."

கயிற்றுக்கு உள்ளே

அன்றைக்கு என்ன மாயமோ, எங்கள் ஆட்கள் கடைசி இன்னிங்ஸ்வரை ஒரு ஓட்டம் முன்னால் நின்றார்கள். எதிரணி மட்டை பிடிக்கிறது. இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று. இன்னும் ஒருவர் போனால் வெற்றி. ஆனால் எதிரணிக்காரர் ஒருவர் மூன்றாம் தளத்தில், ஓடிவந்து ஓட்டத்தைச் சமப்படுத்தக் காத்து நிற்கிறார். ஹொல்கர் வியர்வையில் குளித்து நிற்கிறார். நான் அட்டையை வெளியே எடுத்தேன், உள்ளே வைத்தேன், திரும்ப எடுத்தேன். ஷ்மிட் ஐயாகூடச் சாப்பிடவில்லை.

ஹொல்கர் எறிந்தார். மட்டையின் விளிம்பில் பட்டுப் பந்து நேரே வானத்துக்கு ஏறியது. ஏறி, வளைந்து, பார்வையாளர் நிற்கிற கயிற்றுப் பக்கமாக இறங்கியது. தபால்காரர் ஓடிவந்து, சரியாக அதன் கீழே நின்று, கையுறையை விரித்துவிட்டார். பிடித்தால் முடிந்தது. அந்த நேரம் எனக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை புல்லில் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன், அண்ணையைக் காணோம். கயிற்றைத் தாண்டி, வேலைச் சப்பாத்தோடு பறந்துபோய், தபால்காரரின் கையுறைக்கு ஒரு சாண் மேலே வெறும் இரண்டு கையாலும் பந்தை அமத்திப் பிடித்தார். பிடித்த கையோடு அதை வானத்துக்கு எறிந்து, நடுவரைப் பார்த்து, "ஹவுஸ்தட்!" என்று கிரிக்கெட்டில் அவுட் கேட்கிறதுபோல ஒரு கத்து.

தபால்காரர் வெறும் கையுறையையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தார். பார்வையாளர் உள்ளே போய்ப் பந்தைத் தொட்டால் குற்றம் என்பது எனக்குத் தெரியும். என் கையெழுத்தை அண்ணையே பிடித்து எறிந்துவிட்டார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரணியின் பயிற்சியாளர் ஓடிவந்தார், எங்கள் பயிற்சியாளரும் ஓடிவந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நடுவர் முகமூடியைக் கழற்றி, தபால்காரர் நின்ற இடத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். வெளியாள் உள்ளே வந்து குழப்பியது உண்மை. குழப்பியிருக்காவிட்டால் தபால்காரர் அந்தப் பந்தை நிச்சயமாகப் பிடித்திருப்பார் என்பதும் உண்மை. அப்படியானால் சட்டப்படி அடித்தவர் ஆட்டமிழந்தார். ஆட்டம் முடிந்தது!

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு ஏலாது. பியர் மழைபோலப் பெய்தது. தபால்காரர் அண்ணையைத் தூக்கப் பார்த்து, இரண்டு பேரும் புல்லில் விழுந்தார்கள். ஹொல்கர் ஓடிவந்தார், குழாயடிக்குக்கூடப் போகவில்லை. சேற்றுக் கையோடு என் பேனாவைப் பறித்து, அட்டையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு கையெழுத்துப் போட்டார். பெருவிரல் அடையாளமும் சேர்ந்து விழுந்தது. நான் அதை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டு நிற்க, அவர் அந்தப் பந்தைத் தேடியெடுத்து, துடைத்து, என் பேனாவோடு சேர்த்து அண்ணையிடம் மரியாதையாக நீட்டினார். இதில் உங்கள் கையெழுத்து வேண்டும், டிரெஸ்டனுக்குக் கொண்டுபோக, என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அண்ணை பந்தை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். தையலைச் சுற்றி உருட்டி உருட்டி நாலு பக்கமும் தேடினார். பிறகு பேனாவை மூடி, மெதுவாக என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"வாசிக்காமல் ஒண்டிலையும் கையெழுத்து வைக்கவேண்டாமெண்டு என்ரை லோயர் சொன்னவர், தம்பி, இதிலை ஒண்டுமே எழுதிக் கிடக்கேல்லை, அது இன்னும் பெரிய வில்லங்கமெல்லோ?"

ஒரு கையெழுத்துக்காக ஒரு முழு அணியையும் ஒருநாளாவது வெல்லவைக்க வேண்டிவரும் என்று முன்னமே தெரிந்திருந்தால், சொந்தக்காரரே, நானும் உங்களைப்போல முத்திரைதான் சேர்த்திருப்பேன், அதற்கு நாக்கில் எச்சில் இருந்தாலே போதும்.