காப்பாவும் கேப்போவும்

அந்தத் தோல் பையைத் தொட்டால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் கழித்துப் போட்ட துண்டுத் தோலில் அண்ணன் தன் கையாலேயே தைத்த பை. கிட்டார் வாசிப்பவருக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள் அதற்குள் இருக்கும். தந்தியை மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லை, தோளில் மாட்டும் வார், பாடுகிறவரின் சுருதிக்குத் தக்கபடி கிட்டாரின் கழுத்தில் பூட்டுகிற கவ்வி. அந்தக் கவ்வியை ஊர் உலகமெல்லாம் கேப்போ என்கிறது. நாங்கள் காப்பா என்போம்.

நாங்கள் என்றால் எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா. மற்ற நாட்களில் ஆளுக்கொரு தோல் கம்பெனியில் வேலை, முகூர்த்த நாட்களில் மேடை. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே எங்களிடம் கிடையாது. எதை வாசிக்கிறோமோ அதுதான் பெயர். லீடு கிட்டார் வாசிக்கிற அவர் லீடு, பேஸ் கிட்டார் வாசிக்கிற நான் பேஸு. மூத்தவர் என்பதால் லீடை நான் மட்டும் அண்ணன் என்பேன். வில்லைக்குப் பெயர் பிளெக்ட்ரம், எங்கள் வாயில் பிளட்டம்; வாருக்கு ஸ்ட்ராப், எங்களுக்கு டிராப்பு. யார் முதலில் அப்படிச் சொன்னதோ தெரியாது, எல்லோருக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

ஒருமுறை சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போயிருந்தோம். "அந்தக் காப்பாவ எடு" என்று அண்ணன் சொன்னதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி, தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணனுக்கு முகம்கூட மாறவில்லை. அடுத்த வார்த்தையிலேயே கேப்போ என்று திருத்திக்கொண்டார். அன்றிலிருந்து வெளியாள் எதிரில் கேப்போ, நம்மாள் எதிரில் காப்பா. வெளியே கிளம்பும்போது சட்டையை உள்ளே விட்டுக்கொள்வது மாதிரிதான் அது அவருக்கு. ஒத்திகையில் நான் தப்பித் தவறி கேப்போ என்று சொல்லிவிட்டால் வாசிப்பையே நிறுத்திவிடுவார். "இன்னாடா பேஸு, நான் இன்னா உனுக்கு வெளியாளா?" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

அணைக்கட்டு என்கிற ஊரில் ஒரு கல்யாண வரவேற்பு. இரண்டாவது பாட்டின் நடுவில் அண்ணனின் கையிலிருந்து பிளட்டம் நழுவியது. குனிந்து எடுத்தார். மறுபடியும் நழுவியது. இந்த முறை எடுக்கவில்லை. தன் வலது கையை யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். "பேஸு, எனுக்குக் கைய காணோம்டா" என்றார். அவர் என்னைப் பேஸு என்று கூப்பிட்டது அதுதான் கடைசி. சாமான் ஏற்றி வந்த வேனிலேயே அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலை என் மடியில் இருந்தது. மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன்.

மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். உயிர் பிழைத்தார். பேச்சு வருமா என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார்கள். முகூர்த்த மாதம் வேறு. முன்பணம் வாங்கிய கச்சேரிகளை விட முடியாமல் ராணிப்பேட்டையிலிருந்து ஒருவரை லீடு வாசிக்கக் கூட்டி வந்தோம். நன்றாகவே வாசித்தார். அதுவும் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் அண்ணி போன் செய்தார். அண்ணன் பேச ஆரம்பித்துவிட்டார், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா அவருக்குப் பழக்கமான பொருள் ஏதாவது கேட்கிறார் என்றார். தோல் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அண்ணன் நிதானமாகச் சொன்னார். பிளெக்ட்ரம். ஸ்ட்ராப். கேப்போ. ஒன்றுகூடத் தப்பவில்லை. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "பாத்தியாப்பா, எவ்ளோ சுத்தமா பேசறாரு!"

எனக்கு என்னவோ செய்தது. வெளியாள் இருக்கிறார் இல்லையா, அதனால்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த அம்மா போகும்வரை காத்திருந்தேன். அண்ணியும் அவர் பின்னாலேயே ஏதோ கேட்கப் போனார். அறையில் நாங்கள் இருவர்தான். கவ்வியைக் கையில் எடுத்தேன். "அண்ணே, இது இன்னாண்ணே?"

என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். "கேப்போ சார். நீங்களும் கிட்டார் வாசிப்பீங்களா?"

கவ்வியைப் பைக்குள் போட்டு மூடினேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு அப்படியொரு பயம் வந்ததில்லை. வராந்தாவில் அண்ணி சந்தோஷமாக யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போனேன். பிறகு அண்ணிக்கே தெரிந்துவிட்டது. வா, போ என்று கூப்பிட்ட மனைவியை அண்ணன் இப்போது வாங்க, போங்க என்கிறார்.

வீட்டுக்கு வந்து நடமாடுகிறார். ஞாபகம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். சென்ற வாரம் குழுவில் பேச்சு வந்தது. ராணிப்பேட்டைக்காரரையே நிரந்தரமாக வைத்துக்கொள்வோம், அண்ணன் வீட்டில் பக்குவமாக நீ சொல்லிவிடு என்று என்னை அனுப்பினார்கள். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். அண்ணன் எழுந்து நின்று வரவேற்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணி டீ கொண்டு வந்து வைத்தார்.

நான் தயங்குவதைப் பார்த்து அண்ணனே பேச்சை எடுத்தார். "உங்க பாட்டுப் பார்ட்டில லீடு யாரு சார்?"

"ஒரு அண்ணன். உடம்பு செரியில்லாம கீறாரு. இப்போதைக்கு வேற ஒருத்தர் வாசிக்கிறாரு."

அவர் முகம் வாடிவிட்டது. அண்ணி வாசற்படியில் அப்படியே நின்றார். அண்ணன் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். "பாவம் சார். அவரு எடத்த மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க."

"குடுக்க மாட்டோம்ணே" என்றேன்.