மந்திரித்த லேப்டாப்

எங்கள் வீட்டு மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்ல வசதியாக இருக்கும். மாப்பிள்ளை என்றால் என் நாத்தனாரின் கணவர், முறைக்கு எனக்கு அண்ணன். அகரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் குடும்பத்தில் மிக்ஸி வாங்கினாலும் பைக் வாங்கினாலும் அவர் கூட வரவேண்டும். தனியாகப் போய் ஒரு பொருளை வாங்கி வந்தால், பொருள் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். "யாரைக் கேட்டு வாங்குன?" என்றுதான் கேட்பார்கள். விவரம் தெரிந்த ஆள் என்ற பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்களோ தெரியாது. நான் கல்யாணமாகி வந்தபோதே அவர் அந்தப் பட்டத்தோடுதான் இருந்தார்.

என் பிழைப்பு கல்யாண ஆல்பம். திண்டுக்கல் டவுனில் ஒரு ஸ்டுடியோவுக்கு வீட்டிலிருந்தே ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். மோதிரம் மாற்றுவது, கேக் வெட்டுவது, பந்தியில் யாரோ ஒருவர் வாயைத் திறந்துகொண்டு இருப்பது என்று வந்து குவியும் படங்களில் தேறுவதைப் பொறுக்கி, கல்யாணப் பையனின் முகப்பருவை அழித்து, பக்கம் பக்கமாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் கனமான கோப்பு. என் பழைய மேசைக் கணினி உயிரை விட்டதும், கையைக் கடிக்காத விலையில் ஒரு லேப்டாப் வாங்குவது என்று முடிவாயிற்று. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரேம் நிறைய வேண்டும், இல்லையென்றால் பிறகு கூட்டிப் போட அதில் இடமாவது வேண்டும்.

ரேம் என்பது சமையலறை மேடை மாதிரி. அலமாரி எத்தனை பெரிதாக இருந்தால் என்ன? மேடை சின்னதாக இருந்தால் ஒரு பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுத்து வைக்க முடியும். இதைக் கடைக்குப் போகும் வழியெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். அவர் "சரி சரி" என்றார். கேட்கிறவர் சொல்கிற சரி இல்லை அது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை. கடைக்காரர் அண்ணனுக்கு நாற்காலி போட்டார். நான் நின்றேன். வேலை செய்யப் போகிறவள் நான், என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் ஒரு மெல்லிசான லேப்டாப்பை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "பாரு தங்கச்சி, அப்பளம் மாதிரி இருக்கு" என்றார். "இதுல பின்னாடி ரேம் போட முடியுமா?" என்று நான் கடைக்காரரைக் கேட்டேன். அவர் அண்ணனைப் பார்த்து, "அதெல்லாம் போட்டுக்கலாம் சார்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, "போட்டுக்கலாமாம்" என்றார். நான் பேசிய தமிழை அவர் எனக்கே மொழிபெயர்த்துச் சொன்னதாகத்தான் பட்டது. 

கடையிலிருந்து நேராக மாதா கோயிலுக்குப் போனோம். எங்கள் வீட்டில் புதிதாக எது வாங்கினாலும் பங்குச் சாமியாரிடம் கொடுத்து மந்திரித்த பிறகுதான் பயன்படுத்துவோம். அண்ணன் பெட்டியைப் பிரித்து லேப்டாப்பைப் பீடத்துப் படியில் வைத்தார். சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். "திறந்து வச்சுத் தெளிக்கச் சொல்லட்டா?" என்று கேட்ட அண்ணனைக் கையைப் பிடித்து நான்தான் தடுத்தேன். கம்ப்யூட்டர் விவரம் தெரிந்த ஆள்!

அந்த வாரமே ஆத்தூர்க் கல்யாணம் ஒன்று வேலைக்கு வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் ஆல்பம் கைக்குப் போகவேண்டும். நான் நான்காவது பக்கத்தைத் திறந்ததும் லேப்டாப் நின்றுவிட்டது. திரையில் கல்யாணப் பெண்ணுக்கு இடுப்பு வரை புடவை வந்தது, அதற்குக் கீழே வரவில்லை. நான் எழுந்து போய் உலை வைத்துவிட்டு வந்தேன். அப்போதும் வரவில்லை. அணைத்து மறுபடி போட்டேன். அதுவரை செய்த வேலை அத்தனையும் போயிற்று. ஸ்டுடியோக்காரர் போனில் சுருக்கமாகப் பேசினார். "அக்கா, இந்த ஆல்பம் நேரத்துக்கு வரலன்னா சீசன் வேலை அம்புட்டையும் மதுரைக்குக் குடுத்துருவேன். பெறகு என்னைக் கொற சொல்லக்கூடாது."

சீசன் வேலை என்றால் என் வருடத்துச் சம்பாத்தியம். என் கணவரிடம் கை நீட்டாமல் நான் நடத்தும் வாழ்க்கை அது. உடனே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் அடியில் இருந்த மாடல் எண்ணைத் தன் போனில் தட்டிப் பார்த்தார்.

"இதுல ரேம் போட முடியாதுக்கா. போர்டோட சேத்து ஈயத்தால பத்த வச்சுருக்கான். வேற எடமே கெடையாது. மெல்லிசா இருக்கணும்னா இப்பிடித்தான் செய்வான்."

"போடலாம்னு சொன்னாங்களே?"

"யாருக்கா சொன்னது?"

வாங்கிய கடைக்குப் போன் போட்டு, போனிலேயே சண்டை பிடித்தேன். கடைக்காரர் நல்லபடியாகவே இறங்கி வந்தார். "கொண்டாங்க, மாத்தி வேற தாரேன்" என்றார். அத்தோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மந்திரிச்ச பொருளத் திருப்பிக் குடுப்பாகளா? கேக்கவே நல்லால்ல."

அண்ணனுக்குப் போன் போனது. ஸ்பீக்கரில் போட்டார்கள். "தங்கச்சி, மந்திரிச்சத விக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது. ஞானோபதேச வகுப்புல படிக்கலையா?" என்றார். ரேம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானை எதிர்த்துப் பேச வேண்டிய நேரத்தில் எல்லாம் அவர் மின்விசிறியைத்தான் பார்ப்பார். அந்த நிமிடத்தில் மூன்று பேரையும் நான் வெறுத்தேன். அதில் இப்போதும் எனக்கு வருத்தம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். எப்போதும் போல அவருடைய லேப்டாப் பையும் வந்தது. உள்ளே இருப்பது கறுப்பாக, தடியாக, தூக்கினால் தோளை இழுக்கிற பழைய லேப்டாப். அம்மிக்கல் என்று அவரே அதற்குப் பெயர் வைத்திருந்தார். கறிக்குழம்பு தின்றுவிட்டு அவர் கூடத்தில் குறட்டை விட்டபோது நான் அதை வெளியே எடுத்துக் குப்புறப் போட்டு மாடல் எண்ணைப் பார்த்தேன். இந்த முறை நானே போனில் தேடினேன். ரேம் போட இரண்டு இடம், அதில் ஒன்று காலி. பொருளைப் பைக்குள் வைத்துவிட்டுக் காப்பி போட்டேன்.

அவர் எழுந்து தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார். தினம் இதைச் சுமந்து சுமந்து வலிக்கிறதாம். நான் காப்பியைக் கையில் கொடுத்தேன்.

"அண்ணே, எதுக்கு இப்பிடிக் கஷ்டப்படுறீங்க? என்னோடத வச்சுக்கங்க. அப்பளம் மாதிரி இருக்கு, நீங்களே பாத்து வாங்குனது. அந்த அம்மிக்கல்ல எனக்குக் குடுங்க, நான் வீட்டுக்குள்ளயே கெடக்கவ."

அவர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பக்கம் திரும்பினேன். "மந்திரிச்சத வெளிய குடுக்கத்தான கூடாது அத்தே? வீட்டு மாப்பிள்ளைக்குக் குடுக்கலாம்ல?"

மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு எதையாவது கொடுத்து அனுப்புவதற்கென்றே வாழ்கிறவர் அவர். "தாராளமாக் குடுக்கலாம். வேணாம்னு சொல்லாதீங்க தம்பி, மந்திரிச்ச பொருளு" என்றார். அண்ணன் செத்த நேரம் யோசித்தார். புதுசுக்குப் பழசு, யோசிக்க அதில் என்ன இருக்கிறது? வாங்கிக்கொண்டார். போகும்போது நாத்தனார் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

மறுநாள் தனியாகவே ரேம் வாங்கப் போனேன். "கூட யாரும் வரலையா?" என்று கடையில் கேட்டார்கள். "வரல" என்றேன். கடைக்காரர் அம்மிக்கல்லின் அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, காலி இடத்தில் சாய்வாகச் செருகி அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. அவ்வளவுதான் வேலை. இவ்வளவு சின்ன வேலைக்கா என்னை அப்படி அலைக்கழித்தார்கள் என்று ஆத்திரமாக வந்தது. ஆத்தூர் ஆல்பம் சொன்ன நாளுக்குப் போய்ச் சேர்ந்தது. கல்யாணப் பெண் முழுப் புடவையோடு வந்தாள். சீசன் வேலை என்னிடமே இருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் அண்ணனை நான் மன்னித்திருப்பேனோ என்னவோ. அடுத்த மாதம் விருந்துக்கு வந்தவர் இலையில் உட்கார்ந்துகொண்டே ஆரம்பித்தார்.

"தங்கச்சி, அந்த மெல்லிசு ரொம்பத் திணறுது. கேள்வித்தாளு நாலு தெறந்தா நின்னுருது. பேசாம என் பழசையே எடுத்துக்கலாமான்னு பாக்குறேன். அதுலதான் இப்ப ரேமும் கூட இருக்காம்ல?"

என் கை கரண்டியோடு நின்றது. ரேம் போட்டதை அவரிடம் சொன்னது யார் என்று திரும்பினேன். என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அவருதுதான, குடுத்துரு" என்றார் மாமியார், தொட்டுக்கொள்ள இருந்த வெஞ்சனத்தைத் தள்ளி வைத்தபடி. "மந்திரிச்சதுன்னா மாப்பிள்ளைக்கே ஆனாலும் திருப்பக்கூடாது. இது அவுக மந்திரிக்காம வச்சிருந்த பொருளு. அதத் திருப்பிக் குடுத்தா ஒண்ணும் தப்பில்ல."

ஆவணி முகூர்த்தத்து ஆல்பங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. சத்தம் போட்டால் தோற்பேன் என்று தெரியும். அந்த வீட்டில் மாப்பிள்ளையிடம் சத்தம் போட்டு யாரும் எதையும் காப்பாற்றியதில்லை. "அடுத்த ஞாயிறு எடுத்துக்கங்கண்ணே, கைவேலைய முடிச்சிட்டுத் தாரேன்" என்று சொல்லி அவர் இலையில் இன்னொரு துண்டு கறி வைத்தேன்.

மறுநாள் காலைப் பூசைக்கு அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போனேன். தோள் விண்ணென்று வலித்தது. பூசை முடிந்ததும் அதைப் பீடத்துப் படியில் வைத்தேன். சாமியார் பார்த்துவிட்டு, "இது பழசாட்டம் இருக்கேம்மா?" என்றார்.

"எனக்குப் புதுசு சாமி" என்றேன். "நல்லாத் தெளிங்க."